குங்குமம் வைத்த ஓட்டுச் சீட்டு

இந்தக் கதையில் நடந்த எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. புதுச்சேரியில் என்னோடு படித்த அல்போன்ஸ் சொன்னது. அவனும் பார்த்தவன் இல்லை. அவன் அக்காள் ஆரோக்கிய செல்வி சொல்லக் கேட்டவன். அந்த அம்மாள் இந்தக் கதையில் வரும் ஆதிமூலத்துக்கு அடுத்த வீடு. ஆக, இரண்டு வாய் மாறி என்னிடம் வந்திருக்கிறது. வழியில் ஏதாவது கூடியிருந்தால் எந்த வாயில் கூடியது என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்கு நான் எதையும் கூட்டவில்லை.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம். பிரெஞ்சு இந்தியாவில் இனிப் பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்று சர்க்கார் சொல்லிவிட்டது. வில்லியனூருக்கு மேற்கே ஏரியை ஒட்டி ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் இந்தச் செய்தியை முதலில் படித்தவர் ஆதிமூலம். படித்துவிட்டு முதலில் கலங்கியவரும் அவர்தான்.

ஊரில் பத்திரிகை படிக்கிறவர் அவர் ஒருவர். காலையில் வில்லியனூர் ஸ்டேஷனுக்கு நடந்து போவார். புதுச்சேரி ரயிலில் வரும் பத்திரிகையை வாங்கி அங்கேயே ஒரு முறை படிப்பார். ஊருக்கு வந்து கடைவாசலில் கூட்டத்துக்கு நடுவே ஒரு முறை. வீட்டுக்கு வந்து மனைவி ருக்குமணிக்கு ஒரு முறை. ஒரு வரி விடமாட்டார். லண்டன் செய்தி, அரிசி ரேஷன், ஏல விளம்பரம், தலைவலித் தைலம், இறந்தவர் பெயர், எல்லாம் ஒரே குரலில் கணீரென்று வரும். அந்தக் குரலில் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். படித்தது அவர் காதில் விழும். அதற்கு மேல் உள்ளே இறங்காது.

தேர்தல் நெருங்க நெருங்கப் பத்திரிகை தடித்தது. ஒரு பத்திரிகை, பண்ணைக்காரர் தணிகைவேலை தர்மத்தின் தூண் என்று எழுதியது. இன்னொன்று அவரை ஏரி குடித்த முதலை என்றது. இரண்டும் ஒரே ரயிலில், ஒரே கட்டில், ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டு வந்தன. ஆதிமூலம் தூணை வாங்கினார். முதலையைத் தொட்டதில்லை.

தணிகைவேல்தான் அது வரைக்கும் கொம்யூனுக்கு, அதாவது சுற்றுவட்டார ஊர்களின் சபைக்கு, மேர் என்னும் தலைவர். ஏரி மதகு அவர் சொன்னால் திறக்கும், சொன்னால் மூடும். மற்ற நாளில் அவரைக் கோயிலில் பார்த்தவர்கள் குறைவு. தேர்தல் வந்ததும் ஏரிக்கரை மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளையடித்தார். வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போய்க் கை பருமனில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினார். கும்பிட்ட கையைப் பிரிக்காமலே கூட்டங்களில் பேசினார். "எனக்குப் போடுற ஓட்டு எனக்கில்ல. ஆத்தா காலடியில போடுற பூ" என்றார்.

அந்தப் பேச்சைக் கேட்டு உருகி நின்றவர்களில் ஆதிமூலம் முன்வரிசை. உருகியதற்குக் காரணம் உண்டு. மேரி என்று ஊர் சொல்லும் கொம்யூன் ஆபீசில் ஒரு சேவகன் வேலை காலியாக இருந்தது. நீலத் தலைப்பாகை, குறுக்கே பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. தேர்தல் முடிந்ததும் அந்த வில்லை ஆதிமூலத்தின் மார்புக்குத்தான் என்று தணிகைவேல் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். ஊரின் ஓட்டுகளைத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஆதிமூலம் துண்டை உதறினார்.

"ருக்கு, நம்ம வூட்டுல இப்ப ரெண்டு ஓட்டு."

"இருக்கட்டும். நம்ம வூட்டுல நெல்லு இல்ல."

"ரெண்டும் தணிகைவேல் அய்யாவுக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"யாரு ஓட்ட?"

"நம்ம ஓட்டத்தான்."

"உங்க ஓட்ட நீங்க சொல்லலாம். எனக்கும் தனியா ஒண்ணு உண்டுன்னு நீங்கதான படிச்சீங்க?"

"படிச்சேன். பொம்பளைக்கு ஓட்டுன்னா, புருசன் சொல்ற எடத்துல போடறதுக்குன்னு அர்த்தம்."

"அதையும் பத்திரிகையில போட்டிருக்கா?"

"அதெல்லாம் போடமாட்டாங்க. தெரிஞ்ச விசயம்."

"நல்லா தெரிஞ்ச விசயம் ஒண்ணு நான் சொல்றேன். போன வருசம் கதிர் வாங்கற நேரத்துல மதக மூடினது யாரு?"

ஆதிமூலம் துண்டை மறுபடி உதறினார். அதில் தூசி இல்லை.

ருக்குமணிக்குச் சீதனமாக வந்தது கடைமடையில் அரைக்காணி. ஏரித் தண்ணீர் எல்லா வயலையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேருமிடம். போன வருஷம் தணிகைவேலின் கரும்புக்காக வாய்க்கால் திரும்பியது. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. பால் பிடிக்கிற சமயத்தில் பயிர் நின்றபடியே காய்ந்தது. ருக்குமணி மதகுக்குப் போய்க் காவல்காரனிடம் கெஞ்சினாள். பண்ணை வாசலுக்குப் போய் நின்றாள். ஒருவரும் வெளியே வரவில்லை. திரும்பி வந்து, பதரை அறுத்து மாட்டுக்குப் போட்டாள். அழுததாக ஆரோக்கிய செல்வி சொல்லவில்லை. அன்றிலிருந்து ஏரிப் பக்கம் போகிறபோது அவள் பேசுவதில்லை என்று மட்டும் சொன்னார். இன்னொரு வருஷமும் அப்படியானால் நிலத்தை விற்றுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். வாங்குகிற சக்தி அந்த ஊரில் ஒருவருக்கே இருந்தது. அவர் பெயர் தணிகைவேல்.

"வேல கெடச்சா நெலம் எதுக்கு?" என்றார் ஆதிமூலம்.

"வேல உங்களுது. நெலம் என்னுது."

அந்தப் பேச்சு அங்கே நின்றுவிட்டது. ஆதிமூலத்தின் கவலை அங்கேதான் தொடங்கியது.

அந்தத் தேர்தல் முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு கட்சியும் தன் பெயர்களை அச்சடித்த சீட்டை முன்கூட்டியே வீடுவீடாகக் கொடுத்துவிடும். ஓட்டுப் போடுகிறவர் தனக்கு வேண்டிய சீட்டை வீட்டிலிருந்தே கொண்டு போவார். அங்கே ஒரு வெறும் உறை கொடுப்பார்கள். திரை மறைவில் போய்ச் சீட்டை உறைக்குள் வைத்துப் பெட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திரைக்குப் பின்னால் புருஷன் கூடப் போக முடியாது. ஆதிமூலத்தைக் கலக்கியது அந்தத் திரைதான். ருக்குமணிக்கு எழுத்துத் தெரியாது. இருந்தாலும் எதிர்க்கட்சிச் சீட்டு எதுவென்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? முந்தானையில் ஒரு சீட்டு, கையில் ஒரு சீட்டு. திரைக்குள்ளே எது உறைக்குள் போனதென்று எந்த ஏஜண்டு கண்டான்?

அந்த வாரப் பத்திரிகையில் தேர்தல் விதிகள் வந்திருந்தன. ஆதிமூலம் வழக்கம்போல் உட்கார்ந்து மேலிருந்து கீழாகப் படித்தார். ருக்குமணி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் கை நின்றது.

"அந்தச் சீட்டப் பத்திப் போட்டிருக்கே, அத இன்னொரு தரம் படிங்க."

ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷ இல்லறத்தில் அவர் படித்ததை மறுபடி கேட்ட முதல் ஆள் அவள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முன்னைவிட உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். முடித்துவிட்டுத் தைல விளம்பரத்துக்குப் போனார். ருக்குமணி அரிசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முறம் வெகு நேரம் அசையவில்லை.

மறுநாள் ஆதிமூலம் ஒரு முடிவுக்கு வந்தார். மனிதர் நுழைய முடியாத திரைக்குள் தெய்வம் நுழையலாம் அல்லவா?

"ருக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணணும்."

"இன்னான்னு?"

"நான் குடுக்கற சீட்டத்தான் போடுவேன்னு."

சண்டை வரும் என்று எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பண்றேன். ஆனா ஆத்தா மேல பண்ற சத்தியம் வெளையாட்டு இல்ல. அப்பறம் மாத்திப் பேசக் கூடாது."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"உங்களயும் சேத்துத்தான் நான் சொல்றேன். சீட்ட ஆத்தா காலடியில வெக்கணும். பூசாரி கையால குங்குமம் இடணும். அந்தச் சீட்ட நீங்க எங்கையில குடுக்கணும். அதத் தவிர வேற காகிதத்த நான் தொடமாட்டேன். அதத்தான் பொட்டியில போடுவேன். போதுமா?"

ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய்ச் சந்தேகித்தோமே என்று வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் அதிக நேரம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே ஒரு யோசனை வந்தது. ஒரே ஒரு சீட்டுக்குத்தான் ஆத்தா துணை நிற்பாளா? ஊருக்கே சீட்டுக் கொடுக்கிற பொறுப்பு நம்மிடம்தானே இருக்கிறது? எல்லாச் சீட்டுக்கும் குங்குமம் வைத்துவிட்டால், எவன் மாற்றிப் போடுவான்? தணிகைவேல் அப்போது மதகடிப்பட்டுப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். வந்து முடிவைப் பார்க்கட்டும், பார்த்துப் பூரிக்கட்டும் என்று ஆதிமூலம் மனதுக்குள் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சீட்டுக் கட்டை அம்மன் காலடியில் வைத்தார்கள். ருக்குமணி எரிகிற கற்பூரத்தில் கை வைத்து, சொன்ன வார்த்தை மாறாமல் சத்தியம் செய்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வெகு நேரம் நின்றாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஆதிமூலம் கேட்கவில்லை.

பூசாரி செல்லக்கண்ணு கட்டைப் பார்த்து மலைத்தார்.

"இத்தினிக்குமா வெக்கணும்?"

"ஒண்ணு வுடாம."

"காகிதத்துல குங்குமம் நிக்காதுப்பா. உதுந்துடும்."

அதற்கும் ஆதிமூலமே வழி கண்டார். நல்லெண்ணெய் விட்டுக் குங்குமத்தைக் குழைத்துக் கொடுத்தார். பூசாரி கட்டை விரலால் ஒவ்வொன்றிலும் அழுத்தி வைத்தார். முன்பக்கம் வைத்தது பின்பக்கமும் தெரிந்தது.

வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டு வந்தபோது எதிர்க்கட்சி ஏஜண்டு முத்துசாமி தெருமுனையில் நின்றிருந்தார். ஒரு சீட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா அழுத்தி வெச்சிருக்கீங்க அண்ணே. யாரயும் வுட்டுடாதீங்க."

பொறாமை என்று ஆதிமூலம் நினைத்தார்.

அடுத்த வீட்டுக்கு வந்ததும்தான் ஒரு தர்மசங்கடம். ஆரோக்கிய செல்வி கிறிஸ்தவ வேதக்காரர். வேலிக்கு அந்தாண்ட நின்று சீட்டை உற்றுப் பார்த்தார்.

"அண்ணே, குங்குமம் வெச்ச காகிதத்த நாங்க எப்பிடித் தொடறது? சாமியார் கேட்டா இன்னா சொல்றது?"

"அதுக்கென்னம்மா, உங்களுக்குக் குங்குமம் இல்லாததாக் குடுத்துடறேன்."

"அது எப்பிடி? உங்க ஓட்டுக்கு மட்டும் தெய்வ பலம் வேணும், எங்க ஓட்டுக்கு வேணாவா? லூர்து மாதா கோயில்ல ஏத்தின மெழுகுவத்தி வூட்டுல கீது. அதுல ஒரு சொட்டு வுட்டுக்கறோம்."

"தாராளமா வுட்டுக்கோ. ரெண்டு சொட்டா வுட்டுக்கோ. உங்க ஆளுங்களுக்கும் சொல்லு."

"சொல்லாம இருப்பனா?"

வேலிக்கு இந்தாண்ட ருக்குமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழியைத் திட்டிக்கொண்டிருந்தாள். கோழி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்து வாசலில் ஆணும் பெண்ணும் தனித்தனி வரிசையாக நின்றார்கள். பெண்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் வந்திருந்தார்கள். ஆதிமூலம் மடித்த சீட்டை மஞ்சள் துணியில் வைத்து எல்லாரும் பார்க்க மனைவி கையில் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உறையை வாங்கித் திரைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்து பெட்டியில் போட்டாள். முந்தானையைத் தொடக்கூட நேரமிருந்திருக்காது.

"இன்னா போட்ட?"

"நீங்க குடுத்தத."

"சத்தியமா?"

"சத்தியத்துக்கு மேல ஒரு சத்தியம் உண்டா?"

ஆதிமூலம் நிமிர்ந்து நடந்தார். மார்பில் வில்லையின் கனம் இப்போதே தெரிந்தது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தார்கள். ஏஜண்டு என்ற முறையில் ஆதிமூலம் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். தணிகைவேலும் எல்லா ஊரையும் சுற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எண்ணுகிற அதிகாரி புதுச்சேரியிலிருந்து வந்தவர். கண்ணாடிக்காரர், அதிகம் பேசாதவர். முதல் உறையைப் பிரித்தார். சீட்டை வெளிச்சத்தில் பிடித்தார். விரலைப் பார்த்துக்கொண்டார். விரல் சிவந்திருந்தது.

"நுல்" என்று ஓரமாக வைத்தார்.

ஆதிமூலத்துக்குப் பிரெஞ்சு தெரியாது. அது ஏதோ தங்கள் கட்சிக்கு எண்ணுகிற எண்ணிக்கை என்று நினைத்துத் தலையாட்டினார். அடுத்ததும் நுல். அதற்கடுத்ததும் நுல். ஒரு சீட்டு உறையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நகத்தால் பிய்த்து எடுத்தார். மெழுகு. "நுல்."

அதிகாரி ஒதுக்கிவைத்த ஒவ்வொரு சீட்டையும் முத்துசாமி பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நுல், நுல் என்று அந்தச் சொல் கோயில் மணிபோல் விடாமல் விழுந்தது. மேசையோரத்தில் செக்கச் செவேலென்று ஒரு குவியல் ஏறியது. தணிகைவேலின் முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே வந்தது. அப்போதுதான் ஆதிமூலம் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"நுல்னா இன்னா?"

"செல்லாதுன்னு அர்த்தம்."

தணிகைவேல் மெல்ல எழுந்து வந்தார்.

"இது யாரு வேல?"

ஆதிமூலம் பொய் சொல்லத் தெரியாதவர். "ஆத்தா அருள் கெடைக்கட்டும்னு…" என்றார்.

"கெடச்சிட்டுது" என்றார் தணிகைவேல். அதற்கு மேல் சத்தம் போட அவரால் முடியவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. குவியலில் இருந்தது அம்மன் குங்குமம். ஓட்டு என்பது ஆத்தா காலடிப் பூ என்று சொன்ன வாயும் அவருடையதே. அவர் அந்தக் குவியலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். மற்ற ஊர்களில் கிடைத்த ஓட்டு இந்த ஊர்ப் பள்ளத்தை நிரப்பப் போதவில்லை. கொம்யூன் கைமாறியது.

ஆதிமூலம் வீட்டுக்கு வந்தபோது ருக்குமணி செம்பில் தண்ணீர் வைத்திருந்தாள்.

"கையக் கழுவுங்க. சாதம் ஆறுது."

அவர் உட்காரவில்லை.

"குங்குமம் பட்டா சீட்டு செல்லாதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எழுத்தா தெரியும்?"

"அப்பறம் எப்பிடி…"

"நீங்கதான படிச்சீங்க. ரெண்டு தரம்."

ஆதிமூலத்துக்கு உண்மையாகவே கோபம் வந்தது. வில்லைக்காக வந்த கோபம் மட்டுமல்ல. அவர் நிஜமாகவே சாமிக்குப் பயந்தவர்.

"ஆத்தா மேல சத்தியம் பண்ணிட்டு ஏமாத்திட்டியேடி. அடுக்குமா?"

ருக்குமணி செம்பை நகர்த்தி வைத்தாள். பதில் சொன்னபோது குரலில் கிண்டல் இல்லை.

"நான் இன்னா சத்தியம் பண்ணேன்? நீங்க குடுத்ததப் போடுவேன்னேன். போட்டேன். வேற காகிதம் தொடமாட்டேன்னேன். தொடல. முத்துசாமி சீட்டு வூட்டு வாசல்ல கெடந்துது, குனிஞ்சுகூட எடுக்கல. ஆத்தா ஏரியக் காத்துக்கினு ஒக்காந்திருக்கறவ. அந்தத் தண்ணிய ஒருத்தரு தன் கரும்புக்கே திருப்பிக்கினாரு. அப்பறம் அவ பேரச் சொல்லியே ஓட்டும் கேட்டாரு. அவ காதுல ரெண்டும்தான் வுழுந்திருக்கும். நான் எஞ் சீட்ட மட்டுந்தான் அவ காலடியில வெக்கச் சொன்னேன். ஊர்ச் சீட்ட எல்லாம் தூக்கிக்கினு போய் வெச்சது யாரு?"

ஆதிமூலம் வெறும் மார்பைத் தடவிக்கொண்டார்.

"என் வில்ல போச்சேடி" என்றார்.

"போவட்டும். வில்லைய வேவ வெச்சா சாதம் ஆவுமா? ஒக்காருங்க."

உட்கார்ந்தார்.

அந்த வருஷம் சம்பாவுக்கு ஏரித் தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்தது. புதிதாக வந்தவர்கள் மதகை முறைவைத்துத் திறந்தார்கள். அவர்கள் நல்லவர்கள் என்று எழுத எனக்குத் துணிவில்லை. அடுத்த தேர்தலில் அவர்களும் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள் என்று கேள்வி. ஆனால் அந்தத் தையில் ருக்குமணியின் அரைக்காணியில் நெல் விளைந்தது. முதல் படி அம்மனுக்குப் போயிற்று. தூக்கிக்கொண்டு போனவர் ஆதிமூலம்.

அல்போன்ஸ் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. விதி என்று ஒன்று நிஜமாகவே பத்திரிகையில் வந்திருக்குமா, வந்திருந்தாலும் இரண்டு முறை கேட்டதில் ஒருவருக்கு நினைவிருக்குமா என்று வாதாடினேன். பிறகு மனது கேளாமல் பழைய பத்திரிகைகளைப் புரட்டினேன். அந்த வாரத்து இதழ் கிடைத்தது. தைல விளம்பரத்துக்கு நேர் மேலே விதி இருக்கிறது. கறையோ குறியோ பட்ட சீட்டு எண்ணிக்கையில் சேராது என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதன் கீழே இன்னொரு வரியும் இருக்கிறது. அதை அல்போன்ஸும் சொல்லவில்லை, அவன் அக்காளும் சொல்லவில்லை:

"எழுத்தறியாத பெண்டிருக்கு இவ்விதியை வீட்டிலுள்ள ஆடவர் உரக்கப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்."